ஓடிப்போதல்

விடிகாலை நான்கு மணியிலிருந்து பனி தள்ளிவிட்டு
அதே பூட்ஸோடு கூட்டத்துக்குப் போனேன்.
கலுமெட்டில் அன்று பதினான்கு அங்குலம்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகள்.
முழங்கால் மோவாயில் இடிக்க
ஏழு பெரியவர்கள் ஆர்வோவைப் பற்றிப் பேசினோம்.
ஆர்வோ அங்கே இல்லை.

முப்பத்தொரு பக்கம்.
முதல் பக்கத்தில் 'தற்போதைய நிலை':
பேச்சு இல்லை. பென்சில் பிடிப்பான், பிடித்தால் விடமாட்டான்.
கவுண்டி வண்டிகள் ஆறையும்
வாசலுக்கு வருமுன்னே எஞ்சின் சத்தத்தில் பிரித்தறிவான்.
அதை எழுத இடம் இல்லை.

வசதி செய்து தருவது வேறு, பாடத்தையே மாற்றுவது வேறு
என்று விளக்க ஆரம்பித்தார் தலைமையாசிரியர் கெம்ப்பைனன்.
தெரியும் சார், என்றேன்.
மேட்டில் மணல் தூவினால் சாலை அதே சாலை.
'வழி அடைப்பு' என்று பலகை வைத்தால்
போய்ச் சேர்கிற ஊரே வேறு.
அவர் காபியைக் குடித்தார்.

'மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள சூழல்':
டிசம்பரிலிருந்து அது
கொதிகலனுக்குப் பக்கத்து அறை.
சத்தம் கம்மி, கவனச் சிதறல் கம்மி.
ஜன்னலும் கம்மி, என்றேன்.
இல்லவே இல்லை, என்று திருத்தினாள் லியோனா.
நாள் முழுக்க அவனோடு இருக்கிறவள்.
சம்பளப் பட்டியலில் அவள் பெயர் 'துணைப் பணியாளர்'.

பத்தொன்பதாம் பக்கத்தில் அந்தச் சொல் வந்தது.
ஓடிப்போதல்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
என் தங்கை பதினெட்டு வயதில்
விஸ்கான்சின்காரன் ஒருவனோடு செய்தது அது.
மேல்கோட்டு இல்லாமல் வகுப்பைவிட்டு வெளியேறுவதற்கும்
அதே சொல்தானாம்.

உளவியலாளர் ட்ரேகிச் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
ஜனவரி ஒன்பது, பத்து நாற்பத்தொன்று, கிழக்குக் கதவு.
ஜனவரி பதினான்கு, பத்து முப்பத்தெட்டு, கிழக்குக் கதவு.
இருபத்திரண்டு, பத்து நாற்பது, கிழக்குக் கதவு,
கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி.
பிப்ரவரி மூன்று: ஓடவில்லை.
நடத்தையின் நோக்கம்: நான்கு கட்டங்கள்.
கவனம் ஈர்க்க. பொருள் பெற. புலன் தூண்டலுக்கு.
'தப்பிக்க' என்பதில் நீல மையில் ஒரு டிக்.

கையுறையைக் கழற்றினேன்.
விரலை அந்த நேரங்களின் மேல் வைத்து
மெதுவாகக் கீழே இறக்கினேன்.
பைன் தெரு என் சுற்றில் ஏழாவது தெரு.
கரித்தெருவை முடித்துத் திரும்பினால்
பத்து நாற்பதுக்குப் பள்ளியின் கிழக்குப் பக்கம் வரும்,
கூரையில் ஆரஞ்சு விளக்கு சுழல,
முன்னால் பனி அலையாய்ப் புரள.
பிப்ரவரி மூன்று
காய்ச்சலில் படுத்திருந்தேன்.
வேறொருவன் ஓட்டினான். வேறு வண்டி.

பழைய வகுப்பில் அவன் மேசை ஜன்னலை ஒட்டி இருந்ததே,
என்றாள் லியோனா,
யாரையும் பார்க்காமல்.

ஐந்தாவது கட்டம் இல்லை அந்தத் தாளில்.
ட்ரேகிச் நீல டிக்கை அடித்துவிட்டு
ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதினார்.
தலைகீழாக இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை.
கேட்கவும் இல்லை. அழுதுவிடுவேன் என்று பயம்.

பிறகு இலக்கு எழுதினோம்,
அளக்கக்கூடிய மொழியில்தான் எழுத வேண்டுமாம்.
'பத்து முப்பத்தைந்துக்கு ஆரஞ்சு அட்டையை எடுத்துக் கொடுத்து,
கோட்டு மாட்டிக்கொண்டு, லியோனாவோடு நடந்து
கிழக்குக் கதவருகே நிற்பான்.
ஐந்து முறையில் நான்கு முறை.'
அந்த ஒரு முறையை ஏன் விட்டுவைக்கிறீர்கள், என்று கேட்டேன்.
அது மனிதர்களுக்கு, என்றார் கெம்ப்பைனன்.
அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பிடித்தது.

அறையை மாற்றுவது பற்றி
இன்னொரு கூட்டம், இன்னொரு படிவம்.
சம்மதம் என்று எழுதியிருந்த கோட்டில்
பாதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பனி பெய்யாத நாளில்?
கேட்டவள் லியோனா.

ஏரிப்பக்கத்துக் காற்று சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஏப்ரலுக்கு இன்னும் ஆறு வாரம்.
ஏழு பேரும் முப்பத்தொரு பக்கத்தையும்
முன்னும் பின்னும் புரட்டினோம்.